கோழியோடு வளர்ந்தால் காப்பு வருமா?

மணிமுத்தாறு பக்கத்துக் குளங்களில் நாரையோடும் வாத்தோடும் வளர்ந்தவர்களைப் பறவைக் காய்ச்சல் அண்டாது என்ற வாதம் கேட்க இனிக்கிறது, சான்றுதான் இல்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது வேறு: சிறுவயதில் முதலில் தொற்றிய மனித ஃபுளூ எந்த வகையோ, அதன் உறவுக்கார வைரஸ்களிடமிருந்தே பிற்காலத்தில் ஓரளவு காப்பு கிடைக்கிறது. 1968-க்கு முன் பிறந்தவர்களிடம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வகை கடுமையாவது குறைவு. பின்னர் பிறந்தவர்களிடம் எச்7என்9 என்ற இன்னொரு வகை கடுமையாவது குறைவு. ஆக, தாத்தாவுக்கு வாய்த்த காப்பு, அதே கூட்டில் கோழி அடைக்கும் பேரனுக்கு இல்லாமல் போகலாம்.

அப்படியானால் இங்கே நோயாளிகளைக் காணோமே என்பார்கள். அது நம் உடம்பின் உரத்துக்குச் சான்றாகாது. பறவை வைரஸ் பற்றும் ஏற்பி மனிதரின் மேல் மூச்சுப்பாதையில் அரிது. வைரஸ் இன்னும் நமக்குப் பழகவில்லை. பழகாமலே அது கொல்லும்: 2021-இல் டெல்லி எய்ம்ஸில் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் எச்5என்1 தொற்றால் இறந்தான். இதற்குப் பிறகும் செத்த கோழியை வெறுங்கையால் தூக்கலாம் என்பது எந்த ஊர் வைத்தியம்?