இடமாற்றம் வேறு, மறுவாழ்வு வேறு: காட்சிசாலை யானைகள் குறித்து

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற கார்த்திகையில் ஓரிரவு, வைட்டிலா மேம்பாலத்தின் கீழ் நெரிசலில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன்மேல் ஒரு களிறு. திருப்பூணித்துறைக் கோயிலில் விருச்சிக உற்சவம் நடக்கும் நாட்கள் என்பதால், அத்தகைய லாரிகள் இச்சந்திப்பில் புதியவை அல்ல. பின்னால் நின்ற பேருந்து விடாமல் ஒலியெழுப்பியபோது யானை காதசைப்பதை நிறுத்தி விறைத்து நின்றது. பாப்பான் அதன் முன்காலில் உள்ளங்கையை வைத்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் காதுகள் மீண்டும் அசைந்தன. அருகில் நின்ற தேநீர்க்கடைச் சேட்டன் என்னிடம் சொன்னார்: “ஆளு பீகாரியா, பட்சே மலையாளம் நல்லோணம் அறியாம்.” ஆள் பீகார்க்காரன், ஆனால் மலையாளம் நன்றாகத் தெரியும்.

மொழியியல் பயின்ற எனக்கு அந்த வாக்கியம் பல நாட்கள் மனத்தை விட்டு அகலவில்லை. சங்கிலியும் லாரியும் இருந்தபோதிலும், அந்த யானைக்குத் தன் காலைத் தொட்டுப் பேச ஒருவரேனும் இருந்தார். அதுவும் இல்லாத யானைகளைப் பற்றியதே இப்பதிவு. திருவிழா யானைகளைப் பற்றிக் கேரளத்தில் நீதிமன்றம் முதல் தேநீர்க்கடை வரை விவாதம் நடக்கிறது. நகரக் காட்சிசாலைகளில் நிற்கும் யானைகளோ ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக மட்டுமே நம் நினைவில் எஞ்சியுள்ளன.

2009 நவம்பரில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. காட்சிசாலைகளிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகள் அனைத்தையும் வனத்துறை முகாம்களுக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது 26 காட்சிசாலைகளிலும் 16 சர்க்கஸ்களிலுமாக 140 யானைகள் இருந்ததாகக் கணக்கு. நகரத்தின் நடுவே சில ஏக்கர் நிலத்தில் யானையின் உடலுக்கும் மனத்துக்கும் வேண்டியவற்றைத் தர இயலாது என்று அரசின் அமைப்பே ஒப்புக்கொண்ட தருணம் அது. உலகில் வெகு சில நாடுகளே அன்று அவ்வளவு தெளிவாகப் பேசின.

அவ்வுத்தரவுக்குப் பின்னரும் தலைநகரின் காட்சிசாலையிலேயே ஓர் ஆப்பிரிக்க யானை தனித்து நின்றது. சிம்பாப்வே அரசின் அன்பளிப்பாக 1998-இல் தில்லி வந்த அதற்கு, முன்னாள் குடியரசுத் தலைவரின் நினைவாகச் சங்கர் என்று பெயர். உடன் வந்த பிடி 2001-இல் இறந்தது. ஆசிய யானைகளுடன் சேர்க்கும் முயற்சி பலிக்கவில்லை. ஆப்பிரிக்க யானையும் ஆசிய யானையும் வேறுவேறு பேரினங்கள். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. 2012 முதல் அது தனிக்கொட்டடியில் இருந்தது. நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. 2024 அக்டோபரில் உலக உயிரியல் பூங்காக்களின் சங்கம் தில்லிப் பூங்காவின் உறுப்பினர் தகுதியை நிறுத்திவைத்தது. 2025 செப்டம்பர் 17 அன்று சங்கர் இறந்தது. வயது 29.

இத்தகைய செய்திகளை வாசிக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பவை: கொட்டடி எத்தனை ஏக்கர்? உணவு எத்தனை கிலோ? மருத்துவர் எத்தனை முறை வந்தார்? இவை தேவையான கேள்விகளே. ஆனால் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது: அந்த யானை யாரிடம் பேசியது?

இது உருவகம் அன்று. 1984-இல் கேட்டி பெய்ன் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லாந்து காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஓர் அதிர்வை உடலால் உணர்ந்தார். தேவாலய ஆர்கன் இசையின் மிகத் தாழ்ந்த சுரங்களை அது அவருக்கு நினைவூட்டியது. பதிவு செய்து பகுத்தபோது, மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் யானைகள் ஒலியெழுப்புவது தெரியவந்தது. காட்டில் இவ்வொலி கிலோமீட்டர் கணக்கில் செல்லக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத உறவினரோடும் யானை தொடர்பில் இருக்கிறது என்பதே இதன் பொருள். இக்கண்டுபிடிப்பு காட்டில் அன்றி ஒரு நகரக் காட்சிசாலையில் நிகழ்ந்தது என்பது நமக்கு ஒரு படிப்பினை. அடைபட்ட இடத்திலும் அவை பேசிக்கொண்டிருந்தன, நமக்குத்தான் கேட்கவில்லை.

பேச வேறு யானையே இல்லையெனில் என்ன ஆகும்? தென்கொரியாவின் எவர்லேண்ட் பூங்காவில் உள்ள கோஷிக் என்னும் ஆசியக் களிறு இதற்குச் சான்று. இளமையில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அங்கே அது ஒன்றே யானை. சுற்றிலும் மனிதர்கள் மட்டுமே. அது தன் துதிக்கை நுனியை வாய்க்குள் செலுத்தி, ஒலியின் வடிவத்தையே மாற்றி, கொரிய மொழிச் சொற்களைப் போலி செய்யக் கற்றுக்கொண்டது. அன்யோங் (வணக்கம்), அஞ்சா (உட்கார்), அனியா (இல்லை), நுவோ (படு), சோஆ (நன்று) என ஐந்து சொற்கள். ஆங்கெலா ஸ்டோகரும் குழுவினரும் 2012-இல் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். கொரியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 16 பேரிடம் பதிவுகளைக் கேட்கச் செய்து எழுதச் சொன்னார்கள். உயிரொலிகள் பெரிதும் பொருந்தின. மெய்யொலிகள் அவ்வளவாகப் பொருந்தவில்லை. அச்சொற்களின் பொருளறிந்து கோஷிக் பேசியதாகச் சான்றில்லை. “உட்கார்” என்று அது சொன்னபோது பிறர் உட்கார வேண்டும் என அது எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பின் ஏன் சொன்னது? உறவுகொள்ள வேறு எவரும் இல்லாததால் இருப்பவரின் ஒலியைத் தன் ஒலியாக்கிக் கொண்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

முதுகலை வகுப்பில் இக்கட்டுரை விவாதிக்கப்பட்டபோது, ஒலிப்பு உறுப்புகளைப் பற்றியே நாங்கள் பேசினோம். துதிக்கையை ஓர் ஒலிப்புக் கருவியாகப் பயன்படுத்துதல் என்னும் விந்தையில் மயங்கியிருந்தோம். இப்போது திரும்ப வாசிக்கையில் வேறொன்று தெரிகிறது: அது ஒரு தனிமையின் ஆவணம்.

ஆகவே காட்சிசாலையிலிருந்து யானையை வெளியேற்றுக என்னும் கோரிக்கையை முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் அக்கோரிக்கையின் சொல் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. “இடமாற்றம்” என்கிறோம். அரசு அலுவலரை மாற்றுவதற்கும் இதே சொல்தான். அங்கும் ஒரு நாற்காலி இருக்கும், அதே வேலை இருக்கும் என்னும் எண்ணம் அச்சொல்லின் அடியில் உள்ளது. யானைக்கு அப்படி ஒரு நாற்காலி எங்கும் காத்திருப்பதில்லை.

இடமாற்றமே தீங்காகவும் அமையலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஐரோப்பியக் காட்சிசாலை யானைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து ரோஸ் கிளப்பும் குழுவினரும் 2008-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட முடிவுகள் பரவலாக மேற்கோள் காட்டப்படுபவை. காட்சிசாலையில் பிறந்த ஆசியப் பிடிகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகள், மியான்மரில் மரத்தொழிலில் உழைத்த பிடிகளுக்கு 41.7 ஆண்டுகள். இவ்வெண்களை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே கட்டுரை சொன்ன இன்னொன்றை மறந்துவிட்டோம்: ஒரு காட்சிசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்ட ஆசிய யானைகளின் உயிர்வாழ் வாய்ப்பு குறைந்தது, அவ்விளைவு நான்கு ஆண்டுகள் வரை நீடித்தது.

இந்நிலையில், 2025 ஜூலையில் பெங்களூரு பன்னேர்கட்டாப் பூங்காவிலிருந்து நான்கு இளம் யானைகள் விலங்குப் பரிமாற்றத்தின் பெயரில் ஜப்பானின் இமேஜிக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. நான்கும் சேர்ந்தே சென்றன என்பது ஆறுதல். ஆயினும் 2009-இல் காட்சிசாலை யானைக்கு உரிய இடமன்று என்று உத்தரவிட்ட நாடு, 2025-இல் இன்னொரு நாட்டின் காட்சிக்கு யானைகளை அனுப்புவதை எவ்வாறு விளக்குவது? இதுவும் இடமாற்றமே. மறுவாழ்வு அன்று.

மறுவாழ்வு எவ்வாறு இருக்கும் என்பதற்குக் காவன் ஓர் எடுத்துக்காட்டு. 1985-இல் இலங்கை பாகிஸ்தானுக்கு அளித்த குட்டி அது. இஸ்லாமாபாத் காட்சிசாலையில் துணையாயிருந்த பிடி 2012-இல் இறந்தபின் தனியே நின்றது. 2020 மே மாதம் இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றம் அதனை விடுவிக்க ஆணையிட்டது. நவம்பர் இறுதியில் கம்போடியாவின் சரணாலயம் ஒன்றுக்கு அது விமானத்தில் சென்றது. இடைப்பட்ட மாதங்களில் மருத்துவர் அமீர் கலீல் அதனருகே பாடிப் பாடியே தன் குரலுக்கு அதனைப் பழக்கினார். கம்போடியாவில் வேலிக்கு அப்பாலிருந்த இன்னொரு யானையின் துதிக்கையை அது தொட்ட படம் உலகெங்கும் பரவியது. எட்டாண்டுகளுக்குப் பின் அது தன் இனத்தைத் தொட்டது. முதலில் ஒரு குரல், பின்னரே பயணம், முடிவில் ஒரு துணை: இவ்வரிசைதான் முக்கியம்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். நெடுங்காலம் மனிதரிடம் வாழ்ந்த யானைக்குப் பாகனே குடும்பம். அவனிடமிருந்து பிரிப்பது இன்னொரு கொடுமை என்கிறார்கள். கோலாப்பூர் அருகேயுள்ள சமண மடத்தின் மகாதேவி என்னும் யானையை 2025-இல் குஜராத்தின் வன்தாரா மையத்துக்குக் கொண்டுசென்றபோது திரண்ட மக்களின் கண்ணீர் பொய்யன்று. அவ்வாதத்தை நான் ஒதுக்கவில்லை, பாதி ஏற்கிறேன். பாகனோடு யானைக்குள்ள பிணைப்பு உண்மையே. ஆனால் கோஷிக்கின் பிணைப்பும் உண்மையே அல்லவா? வேறெந்த உறவுக்கும் வழியில்லாதபோது பிறந்த உறவைக் காட்டி, வழியை அடைத்தது சரியே என்று வாதிட முடியாது. பாகனை நீக்குவதற்கு மாற்றாக, அவரையே பாலமாக்குவது நம்மால் இயலும்.

ஒரு மொழியியல் மாணவராக என்னால் இயன்ற யோசனை இங்கேதான் தொடங்குகிறது. பாகன் யானையிடம் பேசுவது பெரும்பாலும் அவ்வூரின் பேச்சுமொழி அன்று. முல்லைப்பாட்டிலேயே பாசறை யானைக்கு உணவூட்டும் இளைஞர்கள் வடமொழிச் சொற்களால் அதனைப் பழக்கும் காட்சி உண்டு. இன்றும் வடக்கிலிருந்து வரும் யானை கேரளத்தில் மலையாளச் சொற்களைப் புதிதாகக் கற்கிறது. முதுமலையிலும் ஆனைமலையிலும் குறும்பர், மலசர் முதலிய பழங்குடிப் பாகன்கள் தலைமுறைகளாகக் காத்துவரும் சொற்களும் தொனிகளும் உள்ளன. ஒரு யானை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது இச்சொற்கள் யாவும் ஒரே நாளில் பொருளற்றுப் போகின்றன. “கால் தூக்கு” என்பது புரியாத யானைக்கு மருத்துவம் செய்வது எவ்வாறு? புரியாமைக்கு அடி விழுவது எத்தனை முறை?

2024-ஆம் ஆண்டு வளர்ப்பு யானை மாற்ற விதிகள் யானையின் மரபணு விவரத்தையும் மருத்துவச் சான்றையும் கேட்கின்றன. அது எந்தச் சொற்களை அறியும், யாருடைய குரலை அறியும் என்பதற்கு, நான் வாசித்தவரையில், அவற்றில் இடமில்லை.

ஆகவே என் முன்மொழிவுகள் இவை. முதலாவதாக, எந்தக் காட்சிசாலை யானையையும் தனியே மாற்றலாகாது. உடனிருக்கும் துணையோடு மாற்ற வேண்டும், அல்லது சென்றுசேரும் இடத்தில் துணை உறுதியான பின்னரே மாற்ற வேண்டும். இரண்டாவதாக, அதன் பாகன் ஊதியத்துடன் உடன் சென்று, புதிய பாகன் அக்குரலையும் சொற்களையும் கற்கும்வரை தங்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு யானைக்கும் ஓர் ஆணைச்சொல் பதிவேடு வேண்டும்: சொல், ஒலிப்பதிவு, உடன்வரும் தொடுகை, யானையின் எதிர்வினை. களப்பணி செய்யும் எந்த மொழியியல் துறையும் சில நாட்களில் இதனை முடித்துத் தரலாம். செலவு மிகக் குறைவு. நான்காவதாக, காட்சிசாலைகளுக்குப் புதிய யானைகள் வருவதும் அன்பளிப்பாகவோ பரிமாற்றமாகவோ வெளிநாடு செல்வதும் நிற்க வேண்டும்.

திருச்சூரில் 1885 முதல் நகர நடுவே இருந்த காட்சிசாலை, இப்போது புத்தூரில் 336 ஏக்கர் பரப்பில் புதிய பூங்காவாகியுள்ளது. மகிழ்ச்சிதான். ஆனால் ஏக்கர் கணக்கோடு நாம் நிறைவடைந்துவிடக் கூடாது. சங்கருக்கு நூறு ஏக்கர் தந்திருந்தாலும், அதன் ஒலிக்கு மறுமொழி தர அங்கே எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

மொழித் துறைகளில் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் காட்சிசாலையிலோ முகாமிலோ ஒரு யானை இருக்குமாயின், உரிய அனுமதி பெற்று அதன் பாகனோடு ஒருநாள் அமருங்கள். அவர் சொல்லும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஓய்வுபெற்றபின் அச்சொற்களைக் கேட்டறிய அந்த யானையைத் தவிர வேறெவரும் இருக்கமாட்டார்கள்.

மாற்றுக்கருத்துகளையும் திருத்தங்களையும் வரவேற்கிறேன்.

வைட்டிலா, கொச்சி