வீட்டுக்குள் வரப்போவது யார்?

ஆடி பிறந்துவிட்டால் நம் தொழிலில் போன் அடிப்பது குறையும். யாரும் வீடு மாற மாட்டார்கள், புதுமனை புகுவிழா இருக்காது. காலி வீட்டைக் கழுவிக் கொடுக்கும் வேலையை நம்பி நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்கு இது கையைக் கடிக்கும் மாதம். ஆவணியில் முதல் முகூர்த்தம் வந்ததும் ஒரே நாளில் ஐந்து பேர் கூப்பிடுவார்கள். அப்போது அனுப்ப ஆள் இருக்காது. இந்த இடைவெளியில்தான் நம்மில் பலருக்கு இன்ஸ்டாகிராம் ஞாபகம் வருகிறது. "ரீல்ஸ் போட ஒரு பையனை வைத்துக்கொள்ளலாமா சார், பூஸ்ட் பண்ணினால் வேலை வருமா?" என்று கேட்டுச் சில மாதங்களாகவே வாசகர்கள் போன் செய்கிறார்கள். அதனால் இந்த முறை ஆசிரியர் உரை முழுக்க அதைப் பற்றித்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூக ஊடகத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அங்கே நாம் போடுவதில் பெரும்பகுதி, வாடிக்கையாளர் கேட்காத கேள்விக்குப் பதிலாக இருக்கிறது. கறை போகுமா என்பது அவருடைய இரண்டாவது கவலை. என் வீட்டுக்குள் வரப்போவது யார் என்பதுதான் முதல் கவலை.

நங்கநல்லூரில் தனியாக இருக்கும் வயதான அம்மா அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மகன் வெளிநாட்டில். பொங்கலுக்கு முன்னால் வீட்டை ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்ய ஆள் தேடுவது அந்த மகன்தான், அவன் ஊரில் நள்ளிரவு நேரத்தில், கையில் போனோடு. நம் பேஜுக்கு வருகிறான். முதல் படத்தில் மஞ்சள் கையுறை போட்டு வாளியோடு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். இணையத்தில் எடுத்த படம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. அடுத்த இருபது படங்களும் பளபளக்கும் சிங்க், பளபளக்கும் டைல்ஸ். நாளை காலை தன் அம்மாவிடம் கதவைத் திறக்கச் சொல்லப்போகும் முகம் எங்கேயும் இல்லை. அவன் அடுத்த பேஜுக்குப் போய்விடுகிறான்.

அங்கே ஒரு நிமிட வீடியோ. யூனிபார்ம் சட்டை போட்ட ஒருவர் தன் பெயரைச் சொல்கிறார். "நாங்க மூணு பேர் வருவோம், ரெண்டு லேடீஸ், நான் ஒருத்தன். செருப்பை வாசல்லயே விட்டுடுவோம். மாப், பக்கெட், வேக்குவம் எல்லாம் நாங்களே கொண்டு வருவோம், உங்க வீட்டுத் துணியைத் தொட மாட்டோம். பீரோவைத் திறக்க மாட்டோம். பூஜை ரூமை நீங்க சொன்னாத்தான் தொடுவோம்." இவ்வளவுதான். பின்னணிப் பாட்டு இல்லை, எடிட்டிங் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட மகன் அப்போதே எண்ணைக் குறித்துக்கொள்வான். தன் அம்மா என்ன கேட்பாரோ அதற்கு அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னவரிடம்தான் அவன் வேலையைக் கொடுப்பான்.

பெரிய செயலி நிறுவனங்களோடு விலையில் போட்டி போட்டு நம்மால் ஜெயிக்க முடியாது. அவர்களிடம் விளம்பரப் பணம் இருக்கிறது. ஆனால் யார் வருவார்கள் என்று அவர்களால் முந்தின வாரமே முகம் காட்டிச் சுலபமாகச் சொல்ல முடியாது. நம்மால் முடியும். நமக்கு இருக்கும் ஒரே பெரிய பலம் அதுதான், அதைத்தான் நாம் இணையப் படங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறோம்.

எங்கே போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிறு தொழிலுக்கு வாட்ஸ்அப் முதலில், கூகுள் இரண்டாவது, மற்றதெல்லாம் பிறகு. ரீலை ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள் என்று ஒரு நண்பர் சந்தோஷமாகச் சொன்னார். பார்த்தவர்களில் பாதிப்பேர் வேறு மாநிலம். அவர் மூன்று பேரையும் ஒரு குட்டி யானையையும் வைத்துக்கொண்டு தாம்பரத்தில் தொழில் செய்பவர். பல்லாவரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவர் "சம்ப் கிளீன் பண்ண நல்ல ஆள் இருக்கா?" என்று கேட்க, இன்னொருவர் இந்த நண்பரின் எண்ணைப் போட்டாலே ஒரு மாதத்துக்கு வேலை வரும். அந்தக் குரூப்பில் நாம் இல்லை, இருக்கவும் முடியாது. நம் வேலையைப் பார்த்தவர் நமக்காகப் பேச வேண்டும். அதற்கு நம் எண் அவர் போனில் இருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு ஒரே நேரத்தில் 256 பேருக்குச் செய்தி அனுப்பலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படியே: இரண்டு பேரும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்திருந்தால்தான் தெரியும். வருஷம் முழுக்க ஸ்டேட்டஸ் போட்டும் ஒரு வேலையும் வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள், எத்தனை வாடிக்கையாளர்கள் தங்கள் எண்ணைச் சேமித்திருக்கிறார்கள் என்று ஒரு முறையாவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? வேலை முடிந்து பணம் வாங்கும் அந்த நிமிடத்தில், வீட்டுக்காரர் மனசு நிறைந்து நிற்கும்போது, "சார், இந்த நம்பரை சம்ப் கிளீனிங்னு போட்டு சேவ் பண்ணிக்குங்க, ஆறு மாசம் கழிச்சு நானே ஞாபகப்படுத்துறேன்" என்று சொல்லுங்கள். நம் கடைப் பெயரில் சேமித்தால் அவருக்கு மறந்துபோகும். வேலையின் பெயரில் சேமித்தால், தொட்டியில் பாசி பிடித்த அன்று தேடும்போது முதலில் வந்து நிற்கும்.

வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். பேஜ் நம்முடையது இல்லை, நோட்டுதான் நம்முடையது.

கூகுளில் பதிவு செய்ய வீட்டு முகவரியைக் காட்ட வேண்டியதில்லை. எந்தெந்தப் பகுதிகளுக்குப் போவோம் என்று மட்டும் கொடுக்கலாம். விமர்சனம் எழுதும் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி கொடுப்பது கூகுள் விதிப்படி தப்பு. உறவுக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வது அதைவிட மோசம், படிப்பவருக்கு அது தெரிந்தும்விடும். வேலை முடிந்த அன்று சாயங்காலமே லிங்க் அனுப்பிக் கேளுங்கள். கெட்ட விமர்சனம் வந்தால் சண்டை போடாமல், என்ன சரிசெய்தோம் என்று இரண்டு வரி பதில் எழுதுங்கள். புது வாடிக்கையாளர்கள் அந்தப் பதிலைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

இனி படங்கள். முன் படம், பின் படம் இரண்டும் நம் தொழிலின் மூச்சு. ஆனால் முதல் படத்தை விளக்கை அணைத்துவிட்டு எடுத்து, இரண்டாவதை ஃபிளாஷ் போட்டு எடுக்கும் பழக்கம் பரவிவிட்டது. போனை அதே டைல்ஸ் மூலையில் வைத்து, அதே டியூப்லைட்டில் எடுத்தால் போதும். வேலை நன்றாக இருந்தால் தெரியும், இல்லையென்றால் அந்தப் படம் போட வேண்டாம். போகாத கறையைப் பற்றியும் ஒரு பதிவு போடுங்கள் என்று சொல்வேன். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறையைக் குளியலறை டைல்ஸில் இருந்து எடுத்துவிடலாம். மார்பிள் தரையில் அதே கறைக்கு ஆசிட் ஊற்றினால், கறையோடு சேர்த்து மார்பிளையும் தின்றுவிடும். இரண்டும் சுண்ணாம்பு வகைதான். அரித்துப்போன மார்பிளைக் கழுவிச் சரிசெய்ய முடியாது, பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். இதை வெளிப்படையாகச் சொல்லும் பேஜை மக்கள் நம்புவார்கள். "99.9 சதவீதம் கிருமி ஒழிப்பு" என்று எழுதுபவர்கள் அதை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் காட்ட ஏதாவது வைத்திருக்கிறார்களா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு மெசேஜ் செய்யவும்" என்று எழுதினால் பாதிப்பேர் போய்விடுவார்கள். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எதிலிருந்து எதுவரை ரேட், எதெல்லாம் அதில் சேராது என்று போடுங்கள்.

அனுமதி பற்றி என் அனுபவம் ஒன்று. தொழில் தொடங்கிய முதல் வருஷம், ஒரு வீட்டுச் சமையலறையின் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த சிம்னியைக் கழுவி, முன்னும் பின்னும் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். கேட்கவில்லை. மறுநாள் அந்த அம்மா போன் செய்தார். படத்தின் ஓரத்தில் அலமாரியில் அவர் கணவரின் மாத்திரை அட்டைகள் இருந்தன, பெயர் படிக்கும் அளவுக்கு. "என்ன நோய்னு ஊருக்கே தெரியணுமா தம்பி?" என்றார். அழுகைக் குரல். படத்தை எடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு படமும் எடுத்ததில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு "சரி" வந்தாலும் போதும். படத்தை அனுப்பி, அவர் பார்த்த பிறகே போட வேண்டும். கதவு எண், காலண்டர், குடும்பப் படம், பிள்ளைகளின் பள்ளி யூனிபார்ம், சாவிக்கொத்து எதுவும் அதில் தெரியக் கூடாது.

இதைவிட என்னைத் தூங்கவிடாத ஒன்று இருக்கிறது. டாய்லெட்டில் ஆசிட் கிளீனரை ஊற்றி, மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவி, நுரை பொங்குவதைக் காட்டும் ரீல்கள். நம் துறையைச் சேர்ந்தவர்களே போடுகிறார்கள். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே போர்வீரர்களைக் கொன்ற அதே வாயு. ஜன்னல் மூடிய ஐந்துக்கு ஐந்தடி குளியலறையில் குனிந்து தேய்க்கும் பெண்ணின் நுரையீரலுக்குள் அது போகிறது. நம் வீடியோவைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கும் மனிதர்களுக்கு மாஸ்க்கும் தெரியாது, எதை எதோடு கலக்கக் கூடாது என்றும் தெரியாது. லைக்குக்காகச் செய்யும் இந்த வேலையை ஒரு தொழில்காரர் செய்யவே கூடாது.

சம்ப் வீடியோவிலும் இதே பொறுப்பு வேண்டும். மூடியைத் திறந்து காற்றாட விட்டது, தண்ணீரை இறைத்தது, உள்ளே இறங்கியவருக்குக் கயிறு கட்டி மேலே ஒருவர் கண் எடுக்காமல் நின்றது, எல்லாவற்றையும் காட்டுங்கள். அதுவே நல்ல விளம்பரம். செப்டிக் டேங்க்குக்குள் ஆளை இறக்குவதாகப் போடும் விளம்பரங்களை இன்றும் பார்க்கிறேன். மனிதக் கழிவைக் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை அதில் இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு வருஷம் வரை சிறை. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அந்தத் தொகையால் ஒரு வீட்டுக்கு அப்பா திரும்பி வர மாட்டார். மெஷின் இல்லாதவர்கள் அந்த வேலையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

கடைசியாக, வேலை செய்பவர்கள். நம்மிடம் வரும் பெண்கள் பலர், என்ன வேலைக்குப் போகிறோம் என்று தெருவில் சொல்லியிருக்க மாட்டார்கள். துடைப்பத்தைக் கையில் பிடித்தவரை நம் சமூகம் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்று நமக்குத் தெரியும். அவர்கள் முகம் ரீலில் வந்து, மகளுடைய வகுப்புத் தோழியின் போன்வரை போய்விட்டால் அதற்கு யார் பொறுப்பு? கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வேலையிலோ கூலியிலோ ஒரு குறையும் வரக் கூடாது. சரி என்பவர்களைக் கழிவறையில் குனிந்தபடி காட்டாமல், கைத்திறனோடு காட்டுங்கள். துணியை நாலாக மடித்து எட்டுப் பக்கமும் பயன்படுத்துவது. சிவப்புத் துணி கழிவறைக்கு, பச்சை சமையலறைக்கு, இரண்டும் ஒரே வாளியில் நனையாது என்று அவரே சொல்வது. முப்பது விநாடி போதும். குளியலறை துடைத்த துணி சமையல் மேடைக்கு வராது என்று புரிந்ததும் பார்ப்பவருக்கு வேறு எந்த நிரூபணமும் வேண்டாம்.

பூஸ்ட் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே சொன்ன வீடியோ ஒன்று கையில் இருந்தால், நீங்கள் போய்வரும் தூரத்தைச் சுற்றளவாகக் குறித்து, நேரே வாட்ஸ்அப்புக்கு வரும்படி, ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் மூன்று வாரம் முன்னால் சின்னத் தொகை போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல வேக்குவம் வாங்குங்கள்.

வரும் இதழிலிருந்து வாசகர்களின் வேலைப் படங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அனுப்பும்போது வீட்டுக்காரரின் அனுமதியையும், வேலை செய்தவரின் சம்மதத்தையும் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். படத்தின் கீழே நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் அவர் பெயரைத்தான் அச்சிடுவோம்.