கழுத்துவலிக்கு நடை எழுதுமுன்

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில். வீடு தேடிப் போகும் குழுவில் இயன்முறை மருத்துவருக்கும் இடம் இருந்தது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ வந்தது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறையட்டும் என்றுதான் அரசு நடக்கச் சொன்னது. ஓசூரில் சிகிச்சைக்கு வருகிறவர்களோ, “நடந்தா கழுத்து சரியாயிடுமா சார்?” என்கிறார்கள்.

ஓரளவு சரியாகும். எப்படி நடக்கிறார் என்பதைப் பொறுத்தது.

பாங்காக்கின் சுலாலங்கார்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்கார்ந்து வேலை செய்வோரை ஓராண்டு கவனித்து 2015இல் கணக்குச் சொன்னார்கள்: தினசரி நடையில் 1000 காலடி கூடக்கூட, புதிதாகக் கழுத்துவலி வரும் வாய்ப்பு 14 சதவீதம் குறைகிறது. அவர்கள் பார்த்தது வலியை. தலை தோளுக்கு மேல் எங்கே நிற்கிறது என்பதை அளக்கவில்லை. மருந்துச்சீட்டில் ‘தினமும் நடை’ என்று எழுதும்போது இந்த வேறுபாடு பலருக்கு மறந்துபோகிறது. சிகிச்சை அறைச் சுவர்களில் தொங்கும் ‘60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ’ படத்தின் கதையும் இதே ரகம். 2014இல் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஹன்ஸ்ராஜ் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. யார் கழுத்திலும் அளந்து எடுத்ததில்லை.

ஓசூர் கடிகாரமும் வண்டியும் மின்னணுப் பாகமும் செய்கிற ஊர். பொடிப்பொடியான பாகங்களைப் பொருத்தும் வேலை எங்கே நடந்தாலும் கண் முதலில் முன்னே போகும், தாடை பின்தொடரும். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி விடுதிக்கு நடக்கும் பெண்ணைப் பின்னாலிருந்து பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். ஒரு தோளில் பை. செல்போன் பிடித்த கை நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது; மற்றக் கை மட்டும் வீசுகிறது. தலையும் மார்பும் ஒரே கட்டையாக நகர்கின்றன. நடந்தபடி செய்தி தட்டச்சு செய்பவர்களை ஆராய்ந்து ஆஸ்திரேலியாவின் ஷாப்ரன் குழு 2014இல் எழுதியதும் இதுதான்: வேகம் குறைகிறது, நேர்கோடு தவறுகிறது, தலை உடம்போடு பூட்டிக்கொள்கிறது. அவள் ஐயாயிரம் காலடி நடந்திருக்கலாம். கழுத்தோ இன்னும் வேலை மேசையை விட்டு எழவில்லை.

ஆகவே முதல் வேலை அளப்பது. காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டையும் ஏழாவது கழுத்தெலும்பையும் குறித்துப் பக்கவாட்டில் ஒரு படம். பத்து நிமிடம் நடக்கவிட்டு இன்னொரு படம். இரண்டையும் இணைக்கும் கோடு கிடைமட்டத்தோடு உண்டாக்கும் கோணம் முன்பைவிடக் குறைந்திருந்தால், தலை இன்னும் முன்னே போயிருக்கிறது; அந்த நடை அவருக்கு இன்னும் ஒத்துவரவில்லை. போனைப் பைக்குள் வைத்து, இரு கையும் வீசி, எதிரே வரும் பஸ்ஸின் போர்டைப் படித்தபடி நடக்கச் சொன்னால் கண் தானாக நிமிரும். இந்த எல்லையோரச் சாலையில் தமிழ், கன்னடம் என்று போர்டுக்குப் பஞ்சமில்லை.

நடையோடு தாடையை உள்ளிழுக்கும் பயிற்சியும் வேண்டும். அதைச் சொல்லும் மொழியிலும் சிக்கல் உண்டு. “தாடையை உள்ளே இழுங்க” என்றால் பாதிப்பேர் தலையைக் குனிகிறார்கள். தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசுகிறவரிடம் இது இன்னும் குழம்பும். அவர் விரலையே தாடையில் வைத்து நேர் பின்னால் தள்ளிக் காட்டிவிட்டால் பேச்சே வேண்டாம். கழுத்தின் ஆழ்தசைகளுக்கு இந்தப் பயிற்சி இல்லாமல் நடை மட்டும் எழுதுவது அரைவைத்தியம்.

சந்திரசூடேசுவரர் மலை ஏறுவது இதயத்துக்கு நல்லது. ஏற்றத்தில் உடல் முன்சாயும், தாடை நீளும். ஆகவே கழுத்துக்காரர்களுக்கு முதல் சில வாரம் ராமநாயக்கன் ஏரிப் பக்கத்துச் சமதளம் போதும்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் நடையே எழுதக் கூடாது. கால்களை அகட்டி, தரையைப் பார்த்தபடி தடுமாறி வருவார்கள். சட்டைப் பொத்தான் போட விரல் வழங்காது. கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். குனிந்த தலையைப் பார்த்துத் தோரணைக் கோளாறு என்று முடிவு கட்டிவிடாமல், அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வாசலிலிருந்து நாற்காலி வரை அவர் நடந்து வருகையில் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து பார்த்தாரா என்பதுதான் கேள்வி.