மணல் வாரிய மாதின் பாடல்கள்

நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் என ஒருவர் இல்லை. மழைக்குப் புல் முளைப்பதுபோல அது தானே முளைப்பது என்பர் கற்றோரிற் பலர். இக்கூற்றை யான் ஒப்புகிலேன். தென் அமெரிக்காவின் வடபால், கொலொம்பியா நாட்டிலே 1939-ஆம் ஆண்டிற் பிறந்த பெத்ரோனா மார்த்தீனெஸ் என்னும் அம்மையாரின் வரலாறே இதற்குத் தக்க மறுமொழியாகும்.

அவர் பிறந்த ஊர் பொலிவார் மாகாணத்துச் சான் கயெத்தானோ. கரீபியக் கடலை அடுத்த அந்நிலப்பகுதியில், ஆப்பிரிக்காவினின்றும் அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மிகுதி. தப்பியோடிய அடிமைகள் அரண் அமைத்து வாழ்ந்த 'பாலெங்கே' என்னும் குடியிருப்புக்களின் நினைவு அங்கே இன்றும் மறையவில்லை. அம்மக்கள் வளர்த்ததே 'புல்லெரெங்கே' என்னும் பாட்டு. ஒரு பெண் முதலடி எடுப்பாள். சூழ நிற்போர் கைகொட்டி எதிரடி இசைப்பர். முழவுகள் இரண்டு. சிறியதன் பெயர் 'அழைப்பவன்'. அது தாளம் வழுவாது நிற்கும். மற்றதன் பெயர் 'மகிழ்பவன்'. அது பாடுவோளோடு வாதாடி விளையாடும். (பெயரிட்டோர் நல்ல இரசிகர்கள் என்பதில் ஐயமில்லை!)

பாட்டியிடமும் பூட்டியிடமும் கேள்வியாற் கற்ற பெத்ரோனா, பாலெங்கித்தோ என்னும் சிற்றூரில் ஓடை மணலை வாரி விற்றுப் பிழைத்தவர். அவர் பாடியவற்றுள் முன்னோர் பாட்டுக்களும் உண்டு. அவரே கட்டியனவும் உண்டு. பிழை நேர்வது இவ்விடத்தேதான். எழுதுகோல் பிடித்தவர் இயற்றினால் அது கவிதை. மணல் வாரியவர் இயற்றினால் அது 'மக்கள் வழக்கு'! இஃது என்ன நீதி? இதன் தீங்கு சொல்லளவில் நிற்பதுமன்று. ஆசிரியர் பெயர் அற்ற பாட்டினை எவரும் எடுத்து இசைத்தட்டாக்கிப் பொருள் ஈட்டலாம். கட்டியவர் கைக்கு ஒரு காசும் சேராது.

பழமை போற்றுவோர் சிலர், பெயர் சூட்டுவதால் பொதுமை கெடும் என்பர். கெடாது. கைகொட்டி எதிரடி பாடிய ஊராருக்கும் பங்குண்டு. அதனால் முதலடி கண்டவர் இல்லாதவராகிவிடுவாரோ? பாட்டுத் தொகுக்கப் புறப்படும் மாணவர், பாட்டை எழுதுமுன் 'இது யார் கட்டியது?' என்று கேட்டு, விடையையும் உடன் எழுதிக்கொள்வாராக.

பெத்ரோனாவின் புல்லெரெங்கே, பிரான்ஸ் தேச வானொலியாரின் இசைத்தட்டாக 1998-இல் வெளிவந்தது. அப்பொழுதே அவர் அறுபதை அணுகியிருந்தார். 2017-இல் பக்கவாதம் தாக்கியது. அதன் பின்னரும் 'மூதன்னையர்' எனப் பொருள்படும் பெயரோடு ஓர் இசைத்தொகுதி வெளியிட்டார். பிறநாட்டுப் பாடகியரும் அதில் உடன் பாடினர். அதற்கு இலத்தீன் கிராமிப் பரிசு 2021-இல் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 82.