வாடகை தெரியும், வெளியேறும் வழி தெரியுமா?

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி இரவு, கொல்கத்தாவின் புர்ராபஜார் பகுதியில் உள்ள தங்கும் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. உயிரிழந்த 14 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. அவர்களுள் மூவர் கரூர் மாவட்டத்திலிருந்து சென்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்: இரு குழந்தைகளும் அவர்களின் தாத்தாவும். அந்த விடுதி தீயணைப்புத் துறையிடம் பெற்றிருந்த தடையின்மைச் சான்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காலாவதியாகிவிட்டது என்று அதிகாரிகளே பின்னர் தெரிவித்தனர்.

இந்தச் செய்தியில் நம்மை உறுத்த வேண்டியது ஒன்று உண்டு. சான்று காலாவதியான விவரம் அரசின் கோப்பில் இருந்தது. விடுதியை நடத்தியவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அங்கே அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்களுக்கு எளிய வழியும் இல்லை. குழந்தைகளோடு சுற்றுலா செல்லும் பெரும்பாலான குடும்பங்களின் நிலை இன்றும் இதுதான்.

கோடை விடுமுறை விட்டதும் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் குடும்பங்கள் புறப்படுகின்றன. எங்கே தங்குவது என்பதைப் பெரும்பாலும் கைப்பேசித் திரையைப் பார்த்தே முடிவு செய்கிறோம். வாடகை எவ்வளவு, காலை உணவு உண்டா, ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியுமா, எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறோம். இவற்றைப் பார்ப்பதில் தவறில்லை. ஆண்டுக்கு ஒரு முறை சேர்த்துவைத்த பணத்தில் ஊர் சுற்றும் நடுத்தரக் குடும்பத்துக்கு வாடகை முக்கியம்தான். நாள் வாடகை ரூ.7,500 வரையிலான அறைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் வரவேற்கத்தக்கதே. ஆனால், இவை எல்லாம் விற்பவர் நமக்குக் காட்ட விரும்பும் விவரங்கள். அவர் காட்ட விரும்பாதது எது என்பதுதான் கேள்வி.

நட்சத்திரங்களையே எடுத்துக்கொள்வோம். மத்திய சுற்றுலா அமைச்சகம் விடுதிகளுக்கு நட்சத்திரத் தரம் வழங்குகிறது. ஆனால், அது கட்டாயமன்று; விரும்பும் விடுதிகள் விண்ணப்பித்துப் பெறுவது. முன்பதிவுத் தளங்களில் விடுதியின் பெயருக்குக் கீழே மின்னும் நட்சத்திரங்கள் எல்லாமே அமைச்சகம் கொடுத்தவை அல்ல. இணையத்தில் வெளியாகும் மதிப்புரைகளை ஒழுங்குபடுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரநிலையை வெளியிட்டது. மதிப்புரை உண்மையானதாகவே இருந்தாலும், "அறை சுத்தமாக இருந்தது, ஊழியர்கள் அன்பாகப் பழகினார்கள்" என்று எழுதும் விருந்தினர் அவசரகாலப் படிக்கட்டு பூட்டிக் கிடந்ததா என்று பார்த்திருக்கமாட்டார்.

நிதானமாக விசாரிக்கலாம் என்றால் அதற்கும் இடம் தருவதில்லை. "இன்னும் ஓர் அறைதான் மீதம்", "இப்போது 20 பேர் இந்த விடுதியைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்" என்ற வாசகங்கள் நம்மை விரட்டுகின்றன. நுகர்வோரை ஏய்க்கும் 13 வகை இணைய வணிக உத்திகளைத் தடை செய்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வழிகாட்டுதல்களை அறிவிக்கை செய்தது. பொய்யான அவசரத்தைத் தூண்டுவது அந்தப் பட்டியலில் உள்ளது. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் கட்டணங்களைக் கூட்டுவதும் உள்ளது. பொய்யான அவசரத்தால் பணம் மட்டும் வீணாவதில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்பதற்கான அவகாசமும் போய்விடுகிறது.

பெரியவர்கள் மட்டும் தங்குவதும் குழந்தைகளோடு தங்குவதும் ஒன்றல்ல. நள்ளிரவில் புகை சூழ்ந்தால் பெரியவர் ஒருவர் விழித்தெழுந்து வழி தேடி இறங்க முயலலாம். மூன்று வயதுக் குழந்தையால் அது இயலாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் படி இறங்குபவரின் வேகமும் குறைந்துவிடும்.

மலைப்பகுதிகளில் குளிர் இன்னோர் ஆபத்தைக் கொண்டுவருகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலைப்பகுதிக்குச் சுற்றுலா சென்ற கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரே விடுதி அறையில் மயங்கிக் கிடந்தனர். எவரையும் காப்பாற்ற முடியவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள். குளிரைப் போக்க எரிவாயு வெப்பமூட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவையும் ஜன்னல்களையும் தாழிட்டு உறங்கியிருந்தனர். காற்றோட்டமில்லாத அறையில் எரியும் எரிவாயுவும் கரியும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதில்லை. அறைக்குள் வைக்கப்படும் கணப்பும் குளியலறைக்குள் பொருத்தப்பட்ட எரிவாயு கீசரும் இதே ஆபத்தை உடையவை.

நீச்சல் குளம் உள்ள விடுதி என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர்; அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. சிறு குழந்தை நீரில் மூழ்கும்போது பெரும்பாலும் கூச்சல் கேட்பதில்லை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருப்பவருக்குக்கூடத் தெரியாமல் அது நிகழ்ந்துவிடும்.

ஆகவே, முன்பணம் செலுத்தும் முன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். அறை எந்தத் தளத்தில்? கீழே இறங்க இரண்டாவது படிக்கட்டு உண்டா, அது இரவில் பூட்டப்படுமா? ஜன்னல் திறக்குமா, நிரந்தரமாக அடைக்கப்பட்டதா? வெந்நீர் மின்சாரத்திலா, எரிவாயுவிலா? குளத்தைச் சுற்றித் தடுப்பும், அருகில் கண்காணிப்பாளரும் உண்டா? பால்கனிக் கம்பிகளுக்கு இடையே குழந்தை நுழைந்துவிட முடியுமா? இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவமனை எவ்வளவு தொலைவு? விடை சொல்லத் தயங்கும் விடுதியைத் தவிர்த்துவிடுவது நல்லது.

அறைகளைப் பிரித்துக்கொள்வதிலும் கவனம் தேவை. இரண்டு அறைகள் எடுக்கும் குடும்பங்கள் அவை ஒரே தளத்தில், அடுத்தடுத்து இருக்குமா என்பதை முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பெற்றோர் ஒரு தளத்திலும், குழந்தைகளும் முதியவர்களும் வேறொரு தளத்திலும் தங்க நேர்ந்தால் ஆபத்து வேளையில் ஒருவரை ஒருவர் எட்ட முடியாது. விடுதிக்குச் சென்று பெட்டிகளை வைத்ததும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசர வழியில் ஒரு முறை இறங்கிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஆனால், எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் சுமத்திவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. "எங்களிடம் எல்லாச் சான்றும் உள்ளது" என்று விடுதியின் வரவேற்பாளர் சொன்னால், அதைச் சரிபார்க்கும் வழி சாமானியருக்கு இல்லை. காட்டின் நடுவே தங்கலாம் என்ற விளம்பரத்தை நம்பிச் செல்பவருக்கு, அந்தக் கட்டடம் சட்டப்படி எழுப்பப்பட்டதா என்பது எப்படித் தெரியும்? நீலகிரி மாவட்டம் சீகூர் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளை அகற்ற வகை செய்யும் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்னர், 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் விடுதி ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி உயிரிழந்தார்.

வேறு துறைகளில் இதற்குத் தீர்வு கண்டிருக்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டத்தின்படி, பதிவு செய்த கட்டுமானத் திட்டத்தின் விளம்பரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதள முகவரியையும் பதிவு எண்ணையும் குறிப்பிட வேண்டும். செயலி மூலம் உணவு வரவழைத்தால், அந்த உணவகத்தின் 14 இலக்க உரிம எண்ணைத் திரையிலேயே பார்க்க முடிகிறது. நான்கு இட்லி விற்பவருக்கு உள்ள இந்தக் கடமை, குழந்தைகள் உறங்கும் அறையை வாடகைக்கு விடுபவருக்கும் அதை விளம்பரப்படுத்தும் தளத்துக்கும் ஏன் இருக்கக் கூடாது?

தமிழகத்தில் இதைத் தொடங்குவதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. எத்தனை பேர் வருகிறீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று பயணியிடம் அரசு கேட்கிறது. பயணிக்கும் அரசு ஒரு விவரத்தைத் தர வேண்டும். அந்த மாவட்டங்களில் உரிமம் பெற்ற விடுதிகள், காட்டேஜ்கள், ஹோம் ஸ்டேக்களின் பட்டியலையும், ஒவ்வொன்றின் தீயணைப்புச் சான்று எந்த நாள்வரை செல்லும் என்பதையும் அதே இணையதளத்தில் வெளியிடலாம். தங்குமிடத்தின் பெயரைப் பயணி குறிப்பிடும்போதே அது பட்டியலில் இல்லையெனில் எச்சரிக்கலாம். முன்பதிவுத் தளங்களும் உரிம எண் இல்லாத இடங்களைப் பட்டியலிடக் கூடாது என்று விதிக்கலாம்.

இது சிறிய ஹோம் ஸ்டேக்களை நசுக்கிவிடும் என்ற அச்சம் எழக்கூடும். தங்கள் வீட்டின் இரு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் மலைவாழ் குடும்பங்கள் பல உள்ளன. ஆனால், அவர்களைப் பாதிப்பது விதிமுறை அல்ல. விதியை மீறிக் கட்டிய பல மாடி விடுதி, பாதுகாப்புக்குச் செலவிடாமல் மிச்சம் பிடித்து வாடகையைக் குறைப்பதுதான். இரண்டு அறை வீட்டுக்கும் ஐம்பது அறை விடுதிக்கும் ஒரே அளவுகோல் தேவையில்லை. சிறிய இடங்களுக்கு எளிய விதி, குறைந்த கட்டணம், விரைவான ஆய்வு என்று வகுத்துவிட்டால் முறையாக நடத்துபவருக்கே பயன்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன அறை கிடைக்கவில்லை என்றால் அங்கே முறையிடலாம், இழப்பீடும் பெறலாம். அவை பணம் தொடர்பான இழப்புக்குத் தீர்வு. கொல்கத்தாவில் பறிபோனது பணமல்ல.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் சில நாள்கள் ஆய்வு நடக்கிறது, சில கட்டடங்களுக்குச் சீல் வைக்கப்படுகிறது, பிறகு அடுத்த பருவம் வந்துவிடுகிறது. இம்முறை அந்தப் பருவம் தொடங்கும் முன்பே பட்டியல் வெளியாக வேண்டும். அரசின் கோப்பில் உறங்கும் காலாவதித் தேதி, அறை எடுக்கப்போகும் தாயின் கைப்பேசியில் வாடகைக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.