வாங்கிய கருவி பரணில் தூங்கலாமா?



விலை கொடுத்து வாங்கிய சரக்கு நகராமல் கிடந்தால் நமக்குப் பொறுக்காது. முடங்கிய முதலுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அடக்க விலைக்காவது தள்ளிவிட்டுத்தான் ஓய்வோம். அப்படிப்பட்ட நம்மில் சிலருடைய வீட்டில், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு மருத்துவக் கருவி பத்து இரவுகூட ஓடாமல் பரண் மேல் தூசி படிந்து கிடக்கிறது. கேட்டால், "நமக்கு அது ஒத்துவரவில்லை" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சி-பாப் கருவியைப் பற்றித்தான் சொல்கிறேன். ஒத்துவராதது கருவி அல்ல, அதைப் பழகிய முறைதான் என்பது எனது கருத்து.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நாம் உறங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்த இடம் முழுவதுமாக மூடிக்கொள்கிறது. குறட்டை சட்டென்று நிற்கும். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ வராது. பிறகு திணறலுடன் மீண்டும் தொடங்கும். மூச்சு இப்படி நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முறைக்கு மேல் இருந்தால் நோய் என்றும், 15 முதல் 30 வரை நடுத்தரம் என்றும், 30-க்கு மேல் கடுமை என்றும் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. உறங்குபவருக்கு அது தெரியாது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் உடம்பு அசதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் தொழிலுக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். காலையில் 5 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்கு மேல் பூட்டுகிறோம். பகல் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்த உட்கார்வு. இரவு 11 மணிக்கு வயிறு நிறையச் சாப்பாடு, உடனே படுக்கை. உடம்பு எடை கூடாமல் என்ன செய்யும்? கழுத்தில் கொழுப்பு சேரச் சேர மூச்சுப் பாதை குறுகுகிறது. சட்டைக் காலர் அளவு 17 அங்குலத்தைத் தாண்டிவிட்ட ஆண்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பலத்த குறட்டை, இரவில் பல முறை சிறுநீருக்கு எழுவது, காலையில் தலைவலி, மாத்திரைக்கு அடங்காத இரத்த அழுத்தம், கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் செருகுவது ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். நம் வீட்டுப் பெண்களுக்கும், கடை நடத்தும் சகோதரிகளுக்கும் மாதவிடாய் நின்ற பிறகு இது அதிகம் வருகிறது. அவர்களிடம் குறட்டையைவிட அசதியும் தூக்கமின்மையுமே முன்னால் தெரிவதால், பல நேரம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கையின் விலை கல்லாவில் தெரியும். சில்லறையைக் கூடுதலாகக் கொடுப்பது, நிறுவையில் தவறுவது, சீட்டில் ஒரு சாமானை விட்டுவிடுவது, பத்து வருட வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். கல்லாவில் நேர்வதையாவது மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். நள்ளிரவு 2 மணிக்குச் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போகிறவர் ஒரு விநாடி கண் அயர்ந்தால் அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

ஊதும் காற்றே மருந்து

1981-ஆம் ஆண்டு வரை கடுமையான நோயாளிக்கு நிச்சயமான சிகிச்சை ஒன்றுதான்: கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது. அந்த ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவனும் அவரது குழுவினரும், மூக்கு வழியாக இடைவிடாமல் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடாது என்று 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். சைக்கிள் டியூபில் காற்று இருந்தால் அது ஒட்டிக்கொள்ளாது அல்லவா? அதே தத்துவம்தான். ஆரம்ப காலத்தில் தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைப் போன்ற ஒன்றை ஓடவிட்டு, முகமூடியை ஒவ்வொரு இரவும் பசை வைத்து முகத்தில் ஒட்டினார்கள். இன்றைய கருவி ஒரு சிறிய டிபன் பாக்ஸ் அளவுதான். சத்தமும் மிகக் குறைவு.

காற்று மூச்சை அடைத்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். இந்தக் கருவிகள் தரும் அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவு. ஒரு சொம்புத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு ஊதினால் குமிழி வருவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ, அவ்வளவுதான் 10 என்பதன் பொருள். குழந்தைகள் விளையாட்டாகச் செய்யும் காரியம் இது.

முதல் 30 நாட்கள்

புதிதாக ஒரு கடை திறந்தால் முதல் வாரத்து வியாபாரத்தை வைத்து யாரும் கடையை மூடிவிடுவதில்லை. வாடிக்கை பிடிக்க நாள் ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பொறுமையில் பாதியை இந்தக் கருவிக்குக் கொடுத்தால் போதும். கீழ்க்கண்டவற்றை வணிக நண்பர்கள் மனதில் கொள்ள வேண்டுகிறேன்.

பெரும்பாலான தொல்லை முகமூடியில்தான் இருக்கிறது. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூன்று வகை உண்டு. அடர்ந்த மீசை வைத்திருப்பவருக்கு இரண்டாவது வகையில் காற்று கசியக்கூடும். வாய் திறந்து உறங்குபவருக்கு முதல் இரண்டு வகையிலும் வாய் வறண்டுபோகும். கசிகிறது என்பதற்காகச் சாக்கு வாயைக் கட்டுவது போல வாரை இறுக்குகிறோம். அதனால் மூக்குத் தண்டில் புண் வருகிறதே தவிர கசிவு நிற்பதில்லை. படுத்த நிலையில், காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே வாரைச் சரிசெய்ய வேண்டும். அப்படியும் பொருந்தாவிட்டால் அளவையோ வகையையோ மாற்ற வேண்டும்.

முகமூடியைப் படுக்கையில்தான் முதன்முதலாக அணிய வேண்டும் என்பதில்லை. இரவு கடை கட்டி வந்து வரவு செலவு பார்க்கும் நேரத்தில் அரை மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். இரண்டு நாள் வெறும் முகமூடி, பிறகு காற்றுடன். விழித்திருக்கும்போது பழகியது உறக்கத்தில் பயமுறுத்தாது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏறும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதை அமைத்துத் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடைக்காரருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், மாவுத் தூசி எல்லாம் நாள் முழுவதும் மூக்கில் ஏறுகின்றன. அடைத்த மூக்குடன் முகமூடி மாட்டினால் திணறத்தான் செய்யும். தூசி பறக்கும் வேலையின்போது துணி கட்டிக்கொள்வதும், படுக்குமுன் மருத்துவர் சொன்னபடி உப்புநீரால் மூக்கைச் சுத்தம் செய்வதும் நல்லது. கருவியின் ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றித் தினமும் மாற்ற வேண்டும். இன்வெர்ட்டருக்கு வாங்கும் பேட்டரி தண்ணீர் வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். முகத்தில் படும் பகுதியைத் தினமும் சோப்பு நீரில் கழுவுங்கள். நம் ஊர்ப் புழுதிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்த்து மாற்றவும் வேண்டும்.

மதியம் கடையின் உள்ளறையில் போடும் குட்டித் தூக்கமும் தூக்கம்தான். அப்போதும் மூச்சு நிற்கிறது. சந்தைக்குப் போவதற்காக நள்ளிரவில் எழுந்து, திரும்பி வந்து மீண்டும் படுப்பவர்கள் இரண்டு தடவையும் முகமூடி அணிய வேண்டும். தூக்கத்தில் கழற்றி எறிந்துவிட்டால் விழித்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். அன்றைய இரவைக் கைவிட்டுவிட வேண்டாம். மஞ்சளுக்கு ஈரோடு, ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர் என்று கொள்முதலுக்கு வெளியூர் போகும்போதும் பையில் அது வரட்டும்.

மின்சாரம் நின்றால் மூச்சு முட்டிவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். முகமூடியில் காற்று வெளியேற எப்போதும் துளைகள் உண்டு. வாயையும் மூடும் வகையில் தனியாக ஒரு காற்றுத் தடுக்கு இருக்கிறது. காற்றோட்டம் நின்றதும் அது திறந்துகொள்ளும். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஈரப்பதத் தொட்டியின் சூட்டை நிறுத்திவிட்டால் மின்செலவு வெகுவாகக் குறையும்.

லாபம் எவ்வளவு?

வியாபாரியிடம் வரவை மட்டும் சொல்லக்கூடாது. 2016-இல் 'சேவ்' என்ற ஆய்வு ஒன்று வெளியானது. ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக் குழாய் நோயோ இருந்த 2,717 பேரை வைத்து நடந்தது அது. வழக்கமான சிகிச்சையுடன் இக்கருவியையும் சேர்த்ததால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாக அதில் தெரியவில்லை. அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அவர்கள் கருவியை அணிந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம் மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே இதை இதயத்துக்குக் கவசம் என்று யாராவது விற்றால் முழுவதும் நம்ப வேண்டாம். தெளிந்த கண்ணுடன் கல்லாவில் உட்காரலாம், தூங்கி வழியாமல் வண்டி ஓட்டலாம் என்பது நிச்சயமான வரவு. நமக்கு அது சிறிய லாபம் அல்ல.

எத்தனை மணி நேரம் அணிந்தோம், காற்று எவ்வளவு கசிந்தது, மூச்சு எத்தனை முறை நின்றது என்பதையெல்லாம் இன்றைய கருவிகள் நாள்வழிக் கணக்குப் போல எழுதி வைக்கின்றன. அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீடு, 30 நாட்களில் 70 சதவீத இரவுகளாவது 4 மணி நேரம் அணிந்தால்தான் ஒழுங்காகப் பயன்படுத்துவதாக ஏற்றுக்கொள்கிறது. அதை நமது குறைந்தபட்ச இலக்காக வைத்துக்கொள்ளலாம். உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே முறை. உடல் எடையைக் குறைப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் கூடவே நடக்க வேண்டும். எடை நன்றாகக் குறைந்தால் மறுபரிசோதனை செய்து மருத்துவர் முடிவு சொல்வார், நாமாக நிறுத்தக்கூடாது.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கருவியை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. 2021 ஜூன் மாதம் பிலிப்ஸ் நிறுவனம் தனது பல வகைக் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சுக் காற்றில் கலக்கக்கூடும் என்பதே காரணம். ஆகவே வகை எண்ணைச் சரிபார்க்காமல் கைமாறிய கருவியைத் தொட வேண்டாம்.

சங்கம் என்ன செய்யலாம்?

உடைந்த பிஸ்கட் பாக்கெட்டை மாற்றித் தராத ஏஜென்டிடம் நாம் சரக்கு எடுப்பதில்லை. ஆனால் இந்தக் கருவியை வாங்கும்போது, "முகமூடி பொருந்தாவிட்டால் ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்காமலேயே பணத்தை எண்ணி வைக்கிறோம். தனி ஆளாகக் கேட்டால் மறுக்கும் விற்பனையாளர், சங்கம் சேர்ந்து கேட்டால் இறங்கி வருவார். வாங்குமுன் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது, முகமூடி மாற்றித் தருவது, முதல் மாதத்தில் ஒருவர் வந்து சரிபார்ப்பது ஆகிய மூன்று நிபந்தனைகளையும் சங்கமே பேசி முடிக்க வேண்டும்.

அடுத்து, இக்கருவியை நன்கு பழகிய உறுப்பினர்களின் பட்டியலை அவர்கள் சம்மதத்துடன் சங்கத்தில் வைக்கலாம். புதிதாக வாங்கியவருக்கு முதல் வாரம் தினமும் ஒருவர் போன் செய்து விசாரித்தாலே போதும், பல கருவிகள் பரணுக்குப் போகாது. மாதக் கூட்டத்தில் நுரையீரல் மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசவைக்கலாம். மே 5 வணிகர் தினத்தன்று கண், சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும் கிளைகள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. இந்த நோய் முதலாளிக்கு மட்டும் வருவதில்லை. நம் சரக்கு வண்டியை ஓட்டுபவரும், மூட்டை தூக்குபவரும் நம்மை நம்பி இருக்கிறார்கள். டிரைவர் பகலில் தூங்கி விழுந்தால் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், இரவில் அவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று வீட்டாரிடம் விசாரியுங்கள். தேவையானால் பரிசோதனைச் செலவைக் கடைக் கணக்கில் எழுதுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டும் நாம், அதை ஓட்டுபவரின் கண்ணுக்கும் காவல் தேட வேண்டாமா?

பரணில் கருவி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை இறக்கித் துடைத்து, வாங்கிய இடத்துக்கு எடுத்துச் சென்று முகமூடியைச் சரிபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செயற்குழுவில் மேற்கண்ட மூன்று நிபந்தனைகளையும் பொருளாக வைக்கும்படி நிர்வாகிகளையும் பணிவுடன் வேண்டுகிறேன்.