புள்ளடி போடுமுன் வாசித்துப் பார்ப்போம்



அண்மையில் எமது தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், வங்கியில் கொடுத்த படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். "எங்க கையெழுத்து வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஏ.டி.எம் அட்டைக்கான படிவம் என்று நினைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், மேலதிகப் பற்றுக்குச் சம்மதம் கேட்டிருந்தார்கள்.

மேலதிகப் பற்று என்றால் என்ன? கணக்கில் 800 ரூபா இருக்கிறது. அட்டையைக் கொடுத்து 1,200 ரூபாவுக்குச் சாமான் வாங்குகிறோம். குறையும் 400 ரூபாவை வங்கி போட்டுக் கொடுக்கும். அது உதவி அல்ல, கடன். வட்டியும் கட்டணமும் சேர்ந்து, அடுத்த சம்பளம் விழுந்தவுடன் முதலில் கழிவது அதுதான். சம்மதிக்காவிட்டால் அட்டை மறுக்கப்படும். சாமானைத் திரும்ப வைத்துவிட்டு வரலாம். வெட்கம் ஒரு நிமிடம். கடன் அப்படியல்ல.

அமெரிக்காவில் வங்கிகள் வாடிக்கையாளரைக் கேட்காமலே இப்படிக் கடன் கொடுத்து, சின்னச் செலவுக்கும் 35 டொலர் அளவில் கட்டணம் அறவிட்டன. 2010இல் அங்கு விதி மாறியது. ஏ.டி.எம்மில் பணம் எடுக்கும்போதும் அட்டையால் ஒருதடவை சாமான் வாங்கும்போதும், வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதித்திருந்தால் மட்டுமே அந்தக் கட்டணத்தை அறவிடலாம். பேசாமல் இருந்தால் 'வேண்டாம்' என்றே பொருள். நாமும் கேட்க வேண்டிய நியாயம் இதுதான்.

கடன் எப்படிக் காலைக் கட்டும் என்பது எமக்குப் புதிதல்ல. எமது முன்னோர் தோட்டம் மாறத் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டத்துக்கு ஆளோடு கடனும் நடந்து போனது. 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் பெற்றோம். அப்படிப் பெற்ற சம்பளத்தை ஒரு புள்ளடியில் இழக்கலாமா?

இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல், வண்டிக்குக் காசில்லை என்றால் இந்த வசதி கைகொடுக்கலாம். அதை மறுக்கவில்லை. விலை தெரிந்து எடுத்தால் அது எமது முடிவு. தெரியாமல் எடுத்தால் பொறி.

ஆகவே வங்கிகளிடம் நாம் கேட்பது இவை: படிவம் தமிழில் வேண்டும். கட்டணமும் வட்டியும் ரூபாக் கணக்கில் எழுதப்பட வேண்டும். மேலதிகப் பற்றுக்குத் தனிக் கையொப்பம் வேண்டும். கொடுத்த சம்மதத்தை மீளப் பெறும் வழியையும் சொல்ல வேண்டும்.

தோழர்களிடம் கேட்பது ஒன்றே. வங்கியில் நின்றபடி கையொப்பம் வைக்காதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். படிவத்தைத் தோட்டத் தலைவரிடமோ எம்மிடமோ கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.

அந்த அக்கா 'வேண்டாம்' என்ற கட்டத்தில் தானே புள்ளடி போட்டார்.